காலை ஆறிலிருந்து ஏழு வரை

யோங் பெங்
வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் சாஜித் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெர்சிங்கில் நீங்களும் ஷைமாவும் பிள்ளைகளும் சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இந்தப் பக்கமும் சுகம்தான். உங்கள் அக்கா பரக்கத் நிஷா சிங்கப்பூரில் மகன் நவ்சாத் வீட்டில் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாள். மகள் முபீனா பத்து நாள் விடுப்பில் வந்து சுகமாகச் சாப்பிடுகிறாள். நான்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் முபீனா காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போய் விழும். போன தடவை என் மூலத்தைப் பற்றி டாக்டருக்கு எழுதியது நாற்பத்திரண்டு பேருக்குப் போய், ஈப்போவிலிருந்தெல்லாம் கைவைத்தியம் வந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகையால் நாளைக்குக் கடைக்கு மீன் இறக்க வரும் உங்கள் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முபீனாவின் தொழில் என்ன? வட்டமான பந்தயப் பாதையில், பிரேக் இல்லாத சைக்கிளில், இருநூறு மீட்டரைப் பதினோரு வினாடிக்குள் கடப்பது. அந்தப் பதினோரு வினாடிக்காகப் பன்னிரண்டு வருடம் உழைத்திருக்கிறாள். பதினான்கு வயதில் பயிற்சியாளர் வந்து கூட்டிப்போனபோது, பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது, நானும் சேர்ந்து கேட்டேன். ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கி வந்த பிறகு, ஆரம்பத்திலிருந்தே தைரியம் சொன்னவன் நான்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டேன். காறை எலும்பு இரண்டு தடவை உடைந்தது. தொடை பருத்ததில் கடையில் விற்கும் எந்தக் கால்சட்டையும் ஏறாமல் உங்கள் அக்காதான் தைத்துக் கொடுக்கிறாள். இப்போது வயது இருபத்தாறு. அடுத்த மாதம் தேசியக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், இந்தத் தடவை அவள் பெயர் நிச்சயம் என்கிறார்கள். அதாவது, செவ்வாய்க்கிழமை வரை நிச்சயமாக இருந்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது மச்சான். ஊக்க மருந்து ஏதாவது உள்ளே போயிருக்கிறதா என்று சோதிக்க ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அதற்காக ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முபீனா கொடுத்திருப்பது காலை ஆறிலிருந்து ஏழு வரை, யோங் பெங் வீடு. வந்து பார்த்து ஆள் இல்லையென்றால் ஒரு தடவை தவறியதாகக் கணக்கு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் இரண்டு வருடம் சைக்கிளைத் தொட முடியாது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. ஒரு தடவை விமானம் தாமதம். இன்னொரு தடவை பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போன இடத்தில் விலாசத்தை மாற்ற மறந்தது. இவ்வளவும் எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்குத் தெரியாது.

சுபுஹ் தொழுதுவிட்டு வாசலுக்கு வருகிறேன், கேட்டுக்கு வெளியே ஒரு சீனப் பெண்ணும் ஒரு மலாய்க்காரரும், கழுத்தில் அட்டை, கையில் கோப்பு. முப்பது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தியவன் நான். கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக யார் வந்தாலும் முதலாளி இல்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று வாய் தானாகச் சொல்லிவிடும், மூளைக்கு அதில் வேலையே கிடையாது. முபீனா இருக்கிறாளா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எங்கே என்றார்கள். மெர்சிங்கில் மாமா வீடு என்றேன். காரில் காத்திருக்கிறோம் என்றார்கள். காத்திருக்கிறவர்களை அப்படியே விட்டால் மரியாதையா? உள்ளே போய்ப் பால் தேநீரை இழுத்துத் தேத்தாரே ஆற்றிக் கொண்டுவந்தேன். அதற்குள் அந்தப் பெண் எங்கோ காலாற நடக்கப் போய்விட்டாள், அந்த ஆள் மட்டும் குடித்தார். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார். முபீனா கொட்டகையில் உருளைமேல் சைக்கிளை ஏற்றி மிதித்துக்கொண்டிருந்த சத்தம் அது. மாவு அரைக்கிறார்கள் என்றேன். அதோடு விட்டேனா? மெர்சிங்கிலிருந்து படகேறித் தீவுக்கே போய்விட்டாள், அங்கே போனில் லைன் கிடைக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பசியாறும்போது முபீனா கேட்டாள். "யாராச்சும் வந்தாங்களா அத்தா?"

"யாரும் வரலயே," என்றேன்.

அதன் பிறகுதான் நிதானமாக அந்த மூன்று தடவை சட்டத்தை எனக்கு விளக்கினாள். பாதித் தோசையோடு எழுந்து கைகழுவிவிட்டேன். அன்றிலிருந்து எத்தனையோ தடவை சொல்லப் போயிருக்கிறேன். நேற்று அறை வாசலில் நின்றேன். என்னமோ சொல்ல வந்தீர்களே என்று அவளே கேட்டாள், காற்றாடி சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தச் சோதனைக்காரர்களின் அலுவலகத்துக்கே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். யார் பேசுவது என்று கேட்டார்கள், முதலாளி இல்லை என்று வைத்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் மச்சான். அவள் விழுந்து எழுந்ததெல்லாம் என் ஒரு வாய் வார்த்தையில் போகப் போகிறது.

ஆகவே லாரி வந்து சேர்ந்ததும் நீங்கள் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் பயிற்சிக்குத் திரும்புகிறாள். அதற்குள் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் பெயரும் இதில் அடிபட்டிருப்பதால் பழியில் ஒரு சிறு பங்கை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஷைமாவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் படகுகள் போன கடலெல்லாம் பரக்கத் இறங்கட்டும்.

இப்படிக்கு,
நிலைகொள்ளாத மச்சான்,
ஆதம்

பி.கு.: இது சனிக்கிழமை காலை எழுதுவது. நேற்று உறையை ஒட்டப் போகும்போது திரும்பிப் பார்த்தால் முபீனா நிற்கிறாள். எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அந்தச் சீனப் பெண் செவ்வாய்க்கிழமையே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், கொட்டகைக் கதவைத் தட்டி, சோதனையை முடித்து, என் மெர்சிங் கதையையும் அவளிடம் சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள். தவறியது எதுவும் இல்லை.

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு மூணு நாளா பார்த்துக்கிட்டே இருந்தேன் அத்தா. கடைசில மாமாவுக்கு எழுதறீங்க," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். எழுதியது வீணாக வேண்டாமே என்று அனுப்புகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். இன்று காலை ஐந்தே முக்காலுக்கே நாற்காலியைக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஆறரைக்கு ஒருவர் வந்து நின்றார். வாயைத் திறக்க விடவில்லை, இருக்கிறாள், வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முபீனாவின் முன்னால் நிறுத்தினேன். அவர் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்கிறவர். முபீனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தை மாற்றாமல் அவரிடம் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள்.