பூஜ்ஜியத்தை விரட்டியவர்

எண்ணை எண்ணென்று நம்பாத மனிதர்கள் ஓர் இனமாகவே இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு, இணையதளங்களுக்குப் படிவம் தயாரிப்பது. நீங்கள் வயதை அடிக்கிற சின்னப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, 'எண்ணை மட்டும் இடவும்' என்று சிவப்பு எழுத்தில் அதட்டுகிறாரே, அவரேதான்.

அந்த இனத்தில் ஒருவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கறார். அவர் பார்வையில் பயனர்கள் இரண்டே வகை: விவரமில்லாதவர்கள், விஷமக்காரர்கள். ஒருவன் வயதை 'முப்பது' என்று எழுத்தில் எழுதுவான், இன்னொருவன் முன்னால் கழித்தல் குறி போடுவான், மற்றொருவன் தொலைபேசி எண்ணையே கொண்டுவந்து கொட்டுவான் என்று எந்நேரமும் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார். இதையெல்லாம் வடிகட்ட, அவர் பயன்படுத்துகிற ஃப்ரேம்வொர்க் என்ற ஆயத்த நிரல் தொகுப்பிலேயே விதிகள் தயாராக இருக்கின்றன: எண்தானா, எவ்வளவுக்குக் குறையக் கூடாது, எவ்வளவைத் தாண்டக் கூடாது. எடுத்துப் போட்டால் போதும். போதுமா? கறாருக்கா? அதற்கு மேல் தன் கையாலும் ஒரு வரி எழுதுவார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கிற கை அது.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுப் பக்கத்தை அவர் கட்டி முடித்த வாரம், அக்கா போன் செய்தாள்.

"டேய், நாளைக்குப் பிள்ளைக்குத் தடுப்பூசி. இடம் வேற மளமளன்னு போய்க்கிட்டிருக்கு. உன் பெட்டி வயசை வாங்க மாட்டேங்குது."

"என்ன அடிச்சே?"

"வருஷக் கணக்குல கேக்குது. பிறந்து ரெண்டு மாசம்கூட ஆகலையே, பூஜ்ஜியம்னு அடிச்சேன். 'வயதை நிரப்பவும்'னு சொல்லுது. நிரப்பிட்டுத்தானேடா உட்கார்ந்திருக்கேன்?"

"கைதவறி வேற ஏதாவது விழுந்திருக்கும். இந்தப் பயனர்களே இப்படித்தான்..."

"பயனரா? அக்காடா நான்! உன் கணக்குப்படி என் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லையா?"

கறார் தானே அடித்துப் பார்த்தார். 'வயதை நிரப்பவும்.'

"சரி, ஒண்ணுன்னு போட்டுடேன்." சொன்னவர் யார் தெரிகிறதா? உலகமே பொய்த் தகவல் தருகிறது என்று புலம்புகிறவர்!

"ஒரு வயசுப் பிள்ளைக்குப் போடுற ஊசியை எடுத்துட்டு வந்தா?"

தூக்கிவாரிப்போட்டது. நிரலைத் திறந்தார். ஃப்ரேம்வொர்க்கின் விதி பூஜ்ஜியத்துக்கு மரியாதையாக வழிவிட்டிருந்தது. மடக்கிப் பிடித்தது இவர் கையால் எழுதிய வரி: 'வயது இல்லையென்றால் திருப்பி அனுப்பு.' அப்படிக் கேட்டால் கணினிக்குப் பூஜ்ஜியமும் 'இல்லை'தான், வெறும் பெட்டியும் 'இல்லை'தான். எல்லாரையும் சந்தேகித்தவர் தன் வரியை மட்டும் சந்தேகிக்கவில்லை.

"சீக்கிரம்டா, ரெண்டே இடம்தான்!"

வரியை அழித்தார். தளத்தில் ஏற்றினார். "இப்போ அடி."

போனில் விசை தட்டுகிற சத்தம். பிறகு, "கிடைச்சிருச்சுடா! ஆமா, என்ன தப்பு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா? ஒழுங்கா பதில் சொல்லு."

பார்த்தீர்களா, பூஜ்ஜியத்தைப் பதிலென்று ஏற்காத அந்த இனம்தான் அக்காவும். நீங்கள் சிரிக்க வேண்டாம். 'என்ன யோசனை?' என்று வீட்டில் கேட்கிறீர்கள். 'ஒன்றுமில்லை' என்று வருகிறது. அதைப் பதிலாக வாங்கிக்கொண்டு என்றைக்காவது பேசாமல் இருந்திருக்கிறீர்களா?