ஜெயராணிக்கு ஒரு நாற்காலி

கிரிமினல் சட்டம் படிக்கிறவன் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவான். தொழிலாளர் சட்டம் படிக்கிறவள் யாரைப் பார்த்தாலும் பரிதாபப்படுவாள். இரண்டில் ஆபத்தானது இரண்டாவதுதான், அதற்கு நானே சாட்சி.

சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம் எங்களுக்குத் தொழிலாளர் சட்டம். முதல் மாதத்திலேயே டீக்கடையில் வடை போடுகிறவரிடம், வார விடுமுறை உண்டா அண்ணாச்சி என்று விசாரித்தேன். (அவர்தான் கடை முதலாளி என்பது பிறகு தெரிந்தது.) பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரின் வேலை நேரத்தைக் கேட்பேன். அவர் பதிலுக்கு நான் இறங்குகிற இடத்தைக் கேட்பார்.

இப்படி முற்றியிருந்த நேரத்தில்தான் வகுப்பில் அந்த விதி வந்தது. கடையில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் அம்மா ஜெயராணி பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீட்டில் என் சோறு, துணி, சட்டப் புத்தகம் எல்லாமே அந்தக் கடைதான். வேலை முடிந்து வந்ததும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, கால் செத்துப் போச்சு என்பாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே உச்சுக் கொட்டுவேன்.

அன்றே நோட்டீஸ் எழுதினேன். மூன்று பக்கம். 'என் கட்சிக்காரர்', 'மனிதாபிமானமற்ற', 'தவறும் பட்சத்தில்' எல்லாவற்றையும் தாராளமாக அள்ளித் தெளித்தேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முதலில் வக்கீலாக இருக்க வேண்டும் என்ற சின்ன விஷயம் உறைக்கவில்லை. கட்சிக்காரருக்கும் சங்கதி தெரியாது. (தொழிலாளருக்கு விழிப்புணர்வு கிடையாது என்று பாடத்திலேயே இருந்ததே.)

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு நேரிலேயே கொண்டுபோனேன். கல்லூரியில் சேர்ந்தபின் அந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. (வக்கீலாகப் போகிறவளின் அம்மா சேலை விரிப்பதைத் தோழிகள் பார்த்துவிட்டால் என்ன ஆவது?)

கல்லாவில் இருந்த முதலாளி அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். பில் போட வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"உங்கம்மைய நாள் பூரா நிக்க வச்சிருக்கோம்னு எழுதியிருக்க."

ஆமாம் என்றேன்.

"மேல பட்டு செக்‌ஷன்ல இருக்கா. பைய படியேறிப் போயி நீயே பாத்துட்டு வா."

மாடியில் தரை முழுக்க வெள்ளை மெத்தை. நடுவில் என் கட்சிக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமும் சம்மணம் போட்டிருந்தது. அந்த மாடியில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

அம்மாவைப் பட்டுக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என்னிடம் சொல்லியும் இருந்தாள். நாள் முழுக்க மடக்கி உட்கார்ந்துதான் அவளுக்குக் கால் செத்துப் போயிருந்தது.

நோட்டீஸோடு அண்ணாச்சியும் பின்னாலேயே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அம்மா முகம் வெளுத்தது. அத்தனை பேர் முன்னாலும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இந்தப் பிள்ளைக்குக் கூறு இல்ல அண்ணாச்சி. என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிராதீய."

அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அண்ணாச்சி அவளை நிறுத்தவில்லை. அதைவிட மோசமாக, சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். மறுநாளே மெத்தை மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "சட்டம் சொல்லுதுல்லா, உக்காரு ஜெயராணி." அதில் உட்கார்ந்தால் சேலை எட்டாது. ஒரு வாரம் அம்மா நிச்சயதார்த்தப் பெண் மாதிரி நடுவில் அமர்ந்திருந்தாள். வந்தவர்களெல்லாம் முதலாளியம்மா என்று நினைத்து அவளிடமே விலையைக் குறைக்கச் சொன்னார்களாம்.

எட்டாம் நாள் அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். ரெடிமேட் பிரிவில் நிஜமாகவே காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் போட்டாள். "சட்டம் எனக்கு மட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாளாம். அந்த வாரமே கீழே நின்று வேலை பார்த்த மற்ற ஐந்து பெண்களுக்கும் ஸ்டூல் வந்தது. நான் எழுதிய மூன்று பக்கத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நோட்டீஸோடு போன அன்று அவர்களைத் தாண்டித்தான் படியேறினேன், ஒருத்தியும் கண்ணில் படவில்லை.

இப்போது நான் நிஜ வக்கீல், அதுவும் தொழிலாளர் வழக்குகளுக்கு. ஆனாலும் வீட்டில் நான் எந்த நியாயத்தைப் பேச ஆரம்பித்தாலும் சித்தப்பா, "மாடில போயி பாத்தியாட்டி?" என்பார். அத்தோடு என் வாதம் முடிந்தது.

அம்மா இன்னும் அந்த மெத்தையில்தான் இருக்கிறாள். அவள் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு, கால் எப்படிம்மா இருக்கு என்று கேட்கிறேன். உடனே சொல்ல மாட்டாள். என் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள்.