ரெய்டு சாரும் காணாமல் போன 'உம்'மும்

செல்போனில் பதிவு தொடங்கும்போது 'டொய்ங்' என்று ஒலிக்குமே, அதைக் கேட்டாலே எனக்கு ரெய்டு சாரின் வலது புருவம் மேலேறுவது கண்ணுக்குத் தெரியும்.

கோவில்பட்டி தொடங்கி நாகலாபுரம் தாண்டி விரிந்து கிடக்கும் கரிசல் முழுவதிலும் அவரைப் போல் சந்தேகப்பட ஒருவர் பிறந்ததில்லை. மழை பெய்தால்கூட, "மேல எவனும் தண்ணி தெளிக்கானா?" என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார். ஊருக்குப் போய் வந்தேன் என்றால் பஸ் டிக்கெட்டைக் கேட்பார். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியார். பிள்ளைகள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

நான் அங்கே நாட்டுப்புறக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கப் போனவன். வீட்டில் யாரையாவது கதை சொல்லவைத்து, பிள்ளைகள் செல்போனில் பதிவுசெய்ய வேண்டும். அதைப் பள்ளி டேப்லெட்டில் ஏற்றிக் கேட்டு, யாருக்கு என்ன ஆசை, யார் ஏமாந்தது என்று பேசி, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சொந்தமாக ஒரு கதை டைப் அடிக்க வேண்டும்.

எல்லாம் ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது என்பது ரெய்டு சாரின் கட்சி.

"புளியமரத்துல ஒரு பேய் இருந்துச்சாம்" என்று ஒருவன் ஆரம்பித்தான்.

"எந்தப் புளியமரம்லே? லொக்கேஷன் போடு."

"கதை சார்..."

"கதைன்னா? பேய்க்கு வீடு வேண்டாமாலே?"

எரிச்சல் என்னவென்றால், மரத்துக்கு இடம் வந்ததும் கதைக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்து 'உம்' சோதனை. "கதை சொன்னா எதுக்க ஒருத்தர் உம் கொட்டணும் அண்ணாச்சி. ஆளில்லாம மனுசன் சொல்லுவானா? மெஷினுதான் சொல்லும்." பதிவில் 'உம்' இல்லாத கதைகளெல்லாம் தள்ளுபடி.

மாட்டியவள் எட்டாம் வகுப்பு முத்துமாரி. ஆடு மேய்க்கும் அப்பா சொன்ன கதையிலிருந்து அவள் புதிதாய் ஒன்று எழுதியிருந்தாள். வழி தவறிய மேகம் ஒன்று, ராத்திரி செம்மறி ஆடுகள் அடைந்திருக்கும் கிடைக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. விடிந்து மயிர் வெட்டினால் கத்தரிக்கோல் நனைகிறது. படித்தபோது, வெடித்துக் கிடந்த கரிசலுக்குள் ஒரு சொட்டு இறங்கியது போலிருந்தது எனக்கு. ஆண்டு விழா மேடையில் அவள் வாசிக்க வேண்டும். ஆடுகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு அப்பாவும் கேட்க வருகிறார்.

முந்தின நாள் டேப்லெட்டைக் காதில் வைத்துக்கொண்டு ரெய்டு சார் வந்தார்.

"ஏட்டி, இதுல ஒரு உம்முகூட இல்ல. உனக்கு மேடை கெடையாது."

"நான்தான் சார் கொட்டுனேன்! அப்பா சொல்லச் சொல்லக் கொட்டிக்கிட்டே இருந்தேன்!"

"அப்ப எங்க போச்சு? ஆடு தின்னுட்டா?"

அழுதுகொண்டே போனவள், மறுநாள் காலையில் அம்மாவின் செல்போனோடு வந்து நின்றாள். "காதக் குடுங்க சார்."

அதே பதிவுதான். அப்பாவின் குரல், ஆட்டுக் கத்தல், காற்று. நடுநடுவே தூக்கக் கலக்கத்தில், "உம்... உம்..."

அப்போதுதான் புரிந்தது. ஆடு கத்துகிற சத்தத்துக்குள் யாராவது ஒளிந்திருந்து கதையை எடுத்துக்கொடுக்கிறார்களோ என்று துப்புப் பார்க்க, டேப்லெட் எல்லாவற்றிலும் இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டு வைத்திருந்தவர் அவரே. அது ஆட்டை நீக்கியது, காற்றை நீக்கியது, முத்துமாரியையும் நீக்கிவிட்டது.

ரெய்டு சார் டேப்லெட்டை முறைத்தார். "ஏலே, உம் கொட்டுனா உனக்கு எரைச்சலாலே?" பட்டியலை எடுத்து, முத்துமாரி பெயரையும் தள்ளுபடியான மற்றப் பிள்ளைகளின் பெயர்களையும் மறுபடி சேர்த்தார்.

அன்று சாயங்காலம் மைக் முன்னால் முதல் வரியைச் சொன்னவளுக்கு அடுத்த வரி வரவில்லை.

"உம்!" முன்வரிசையிலிருந்து அதட்டலாய் ஒரு குரல். ரெய்டு சார்!

முத்துமாரி சிரித்துவிட்டாள். அடுத்த வரி வந்தது. அதற்கும் ஒரு "உம்". பின்னால் நின்றிருந்த அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். மேகம் கிடைக்குள் படுத்தபோது மைதானமே உம் கொட்டியது.

மறுநாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். "அடுத்த வருசமும் கட்டாயம் வாரேன் சார்" என்றேன். என்ன ஆதாரம் கேட்பாரோ என்று அந்தப் புருவத்தையே பார்த்தேன். அது ஏறவில்லை.

"உம்" என்றார்.