அறுபத்தொரு சதவீத ஆயுத பூஜை

ஆயுத பூஜை அன்று காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு கிருபாகரன் சபதம் எடுத்தார். இன்று சாயங்காலத்துக்குள் வீட்டுக் கம்ப்யூட்டரை ராக்கெட்டாக்கிவிடுவது!

காரணம் இருந்தது. ஆவடித் தொழிற்சாலையில் டன் கணக்கில் இரும்பைக் கடைந்து தள்ளுகிற மனிதர், வீட்டில் அந்தப் பெட்டியை ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வந்தாலும் அது இன்னும் கண்ணைத் திறந்திருக்காது. கூட வேலை பார்க்கும் திருவேங்கடம் போன வாரம் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்திருந்தார். குப்பையை அதுவே தேடி, அதுவே அழித்துவிடுமாம்.

"சுத்தமா? நீங்களா?" என்றாள் மனைவி சுலோசனா. "போன போகிக்குப் பரணைச் சுத்தம் பண்றேன்னு என் கேஸ் புக்கைக் கொளுத்தினீங்களே, அந்த மாதிரியா?"

"அது கை தவறிப் போச்சு. இது மிஷின் பண்றது. தப்பே வராது."

சாஃப்ட்வேர் ஓடியது. நாலாயிரத்துச் சொச்சம் குப்பை என்று சிவப்பில் அலறியது. ஆறு மாதமாகத் திறக்காத ஃபைல்களையும் அழிக்கவா என்று பணிவாகக் கேட்டது. ஆறு மாதம் திறக்காததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றிலும் தாராளமாக டிக் போட்டார். 'நிரந்தரமாக' என்பதிலும் ஒரு டிக். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துச் சுலோசனா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். மானிட்டருக்கு மூன்று பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று. மேலே சாமந்திச் சரம். பக்கத்திலேயே அவளுடைய தையல் மிஷின். எதிரே கத்தரிக்கோல், டேப், ஊசி டப்பா.

"பொட்டு வச்சாச்சு. நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சட்டம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கிருபாகரன் அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தார். அழிகிற ஃபைல்களின் பெயர் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளானூர் மைதிலி, போட் நெக். பஞ்சவர்ணம் டீச்சர், பஃப் கை. கன்னியம்மாள், முதுகில் முடிச்சு.

சுலோசனாவின் ரவிக்கை அளவுகள்! குவார்ட்டர்ஸிலும் சுற்றுவட்டாரத்திலுமாக நூற்றிருபது பெண்கள், தீபாவளிக்குத் தீபாவளி தைக்கக் கொடுப்பவர்கள். போன தீபாவளிக்குப் பிறகு அதையெல்லாம் யார் திறந்தார்கள்? அடுத்த தீபாவளிக்கு இருபதே நாள். நூற்றிருபது பேரும் வாசலில் வந்து நின்றால்கூடச் சமாளிக்கலாம். சுலோசனாவை?

கை தானாக மவுஸை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒரே ஒரு க்ளிக்கு, சுலோ..."

"சாமி கண்ணைக் குத்தும்."

ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன் நின்றது. சாமி படத்துச் சீரியல் பல்பு நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை. அதற்கென்று அவரே ஆசையாக வாங்கி வைத்த யு.பி.எஸ். கீச் கீச்சென்று ஊரைக் கூட்டியது.

"இன்னாங்க, மெயினை அணைச்சிட்டு இன்னா பண்றீங்க?"

"ஃபேன்... ஃபேனைத் தொடைக்கலாம்னு."

"அட! அதுக்கு ஃபேன் சுவிட்சு போதாதா? மெயினைப் போட்டுட்டு மூணு ஃபேனையும் தொடைச்சிடுங்க."

ஏணி மேல் நின்றால் திரை நன்றாகத் தெரிந்தது. முப்பத்துநாலு சதவீதம். ஃபேனைத் துடைத்துவிட்டு இறங்கினார். நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எந்த வேலை சொன்னாலும் செய்கிறது. ஸ்கூட்டரைக் கழுவினார், வாளியோடு எட்டிப் பார்த்தார், நாற்பத்தெட்டு. கிரைண்டரைத் தேய்த்தார், ஜன்னல் கம்பிகளைத் தேய்த்தார், ஈரக் கையோடு ஓடி வந்தார், அறுபத்தொன்று. வாழ்க்கையில் முதன்முறையாக, இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓடக்கூடாதா என்று ஏங்கினார். அது பாழாய்ப் போக, இன்றைக்கென்று சுறுசுறுப்பாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நெமிலிச்சேரி அக்கா ஊட்டுக்குப் போலாமா?"

"போலாம்."

"மேட்சு கீதே?"

"மேட்ச் கெடக்கு சுலோ. அக்காவைவிடவா?"

சுலோசனா அவர் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

சாயங்காலம் அவள் கற்பூரத்தைத் திரைக்கு நேரே காட்டினபோது, 'வாழ்த்துகள்! உங்கள் கணினி சுத்தமாகிவிட்டது' என்று எழுத்து வந்தது. கிருபாகரன் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டார். அத்தனை பக்தி அவருக்கு எந்த வருஷமும் வந்ததில்லை.

மறுநாள் காலை, அவள் கம்ப்யூட்டரிலிருந்து சரத்தை எடுக்கும்போது அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சுலோ, உன் அளவெல்லாம் போச்சு. மொத்தமா அழிச்சிட்டேன். நான் ஒரு மடையன்."

சுலோசனா பதற்றப்படவில்லை. ஊசி டப்பாவைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். அதன் தலையிலும் சந்தனம், குங்குமம்.

"திருவேங்கடம் அண்ணன் சாஃப்ட்வேர் குடுத்தாருன்னு சொன்னீங்களே, அன்னிக்கே காப்பி எடுத்துட்டேன்."

"நேத்தெல்லாம் நான் தவிச்சுகினு இருந்தப்போ பார்த்துகினு சும்மாவா இருந்தே?"

அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஃபேன், ஜன்னல், கிரைண்டர் எல்லாம் பளபளத்தன.

"பரவால்லைங்க, நல்ல சாஃப்ட்வேருதான். தீபாவளிக்கு முன்னாடி இன்னொரு தபா ஓட விடுங்க. பாத்ரூம் பாக்கி கீது."