பிரசவ ஆஸ்பத்திரிக்கு நான்காவது அடிக்கல்

பல்லவர்களுக்குப் பிறகு கல்லின் அருமையை உணர்ந்து இந்தக் கடற்கரையில் அவதரித்த ஒரே மகான் எங்கள் கல்மேட்டூர் நகராட்சி சேர்மன் திருவேங்கடம் அவர்கள்தான். பதினான்கு வருஷம் அவருக்கு ஹெட் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன். மறுப்பவர்கள் மனுக் கொடுக்கலாம்.

சேர்மன் ஆகுமுன் அவர் கல்குவாரி முதலாளி. தம்மை ஊருக்கு அர்ப்பணித்தபோது குவாரியையும் சேர்த்தே அர்ப்பணித்தார். நகராட்சி நட்ட முப்பத்தொன்பது அடிக்கல்லும் அங்கிருந்து வந்தவையே. ஒருமுறை கவுன்சிலர் அம்பி, "கல்லுக்கு மேலே கட்டடம் ஏதாவது வருமா?" என்று கேட்டுவிட்டார்.

"மகாபலிபுரத்துல பல்லவ ராஜா எத்தினி கோயில பாதியில உட்டுட்டுப் பூட்டாரு! அவர யாராச்சும் கேட்டீங்களா? வெள்ளக்காரன்கூட வந்து பாத்துகினு போறான்!" என்றார் சேர்மன்.

அம்பியின் கேள்வி 'சரித்திர அறியாமை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அம்பியும் கை தூக்கினார்.

தேர்தலுக்குத் தேர்தல் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மட்டும் தவறாமல் ஓர் அடிக்கல் உண்டு. 1957இல் நான்காவது கல். செங்கல்பட்டு ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டிருந்தோம். சேர்மன் 'தாய்மையின் மகிமை' பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது, குப்பத்து முனியம்மா பிரசவ வலியில் துடிக்கும் மகள் பூவாயியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வயி உடு சாமி! போன தபா செங்கல்பட்டு போறதுக்குள்ள புள்ள வண்டியிலியே செத்துப் பூட்ச்சி!"

பந்தல் கயிற்றை அவிழ்க்கப் போனேன். ஆனாலும் உத்தியோகம் உத்தியோகம்தானே? "சேர்மன் பேசி முடிக்கட்டும்மா" என்றேன்.

பூவாயிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பந்தலுக்குப் பின்னால், நாலு பெண்கள் புடவையை விரித்து மறைக்க, குழந்தை பிறந்தது. அதன் அழுகை ஒலிபெருக்கியிலும் கேட்டது. நல்லவேளை, தாயும் பிழைத்தாள்.

சேர்மன் ஒரு கணமும் தயங்கவில்லை. "கல்லு நட்டு அரை மணி ஆவல, மொதப் பிரசவம் ஆயிடிச்சி பாருங்க!" என்றார். பலத்த கைதட்டல். ஆஸ்பத்திரி 'இயங்கத் தொடங்கிவிட்டபடியால்' கட்டட வேலை ஒத்திவைக்கப்பட்டது. பிறப்புப் பதிவேட்டில், 'பிறந்த இடம்: நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி' என்று அவர் சொல்லச் சொல்ல நானே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறு வாரம் சர்டிபிகேட் வாங்க முனியம்மா வந்தாள். படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலதான் பொறந்துதா? சரி சாமி. அதுக்கு வாசல் எந்தப் பக்கம் கீது? என் சின்னப் பொண்ணுக்கு அடுத்த மாசம். செங்கல்பட்டுக்கு வண்டி கட்டாம நேரா இங்க இட்டாந்துடறேன். கையெய்த்து போட்டவன் நீதான? நீயே வந்து கதவத் தொற."