மேசைக் காலுக்கு அடியில் ஒரு வாத்து

"வாத்து கொலை பண்ற கதைக்கா முதலிடம்? நெவில், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் வினிஃப்ரெட்.

நெவில் தேநீரைக் கலக்கினார். அதில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.

ஸ்கார்பரோவில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் மாதாமாதம் கூடும் இன்ஸ்பெக்டர் க்ரிம்வேட் துப்பறியும் கதைகளின் வாசகர் வட்டத்துக்கு நெவில்தான் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டரின் கதைகளையெல்லாம் தரவரிசைப்படுத்துவார்கள். முதலிடம் பெற்ற புத்தகம் அலமாரி உச்சியில் கொலுவிருக்கும். கடைசி இடம் பெற்றதை, அடுத்த வருஷம் வரைக்கும் மேசையின் குட்டைக் காலுக்கு முட்டாக வைத்துவிடுவார்கள். 'கலங்கரை விளக்கில் ஒரு வாத்து' அங்கே குடியேறி வெகு காலமாகிறது. குடியேற்றியவர் நெவில்.

அதற்காக வாதாடிய ஒரே ஜீவன் டெரன்ஸ், நெவிலின் ஆத்ம நண்பர். எந்தக் கதையைப் பற்றிப் பேசினாலும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில், "எல்லாம் சரி, அந்த வாத்து மாதிரி வருமா?" என்பார். எரிச்சல் தாங்காமல் நெவில் ஒருநாள் புதுச் சட்டம் போட்டார். இனிமேல் ஒவ்வொரு கதைக்கும் ஏன் அந்த இடம் என்று எல்லோரும் காரணம் எழுதித் தர வேண்டும்.

அன்றைக்குத் தொப்பியை எடுத்துக்கொண்டு போன டெரன்ஸ் திரும்பி வரவில்லை. நெவிலும் போய்க் கூப்பிடவில்லை. வறட்டு கௌரவம். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் ஆளுக்கொரு கடை ஜன்னலில் காலுறை விலை பார்ப்பார்கள்.

இப்போது டெரன்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளோடு இருக்க ஸ்காட்லாந்துக்குப் போகிறாராம். கேள்விப்பட்டதிலிருந்து நெவிலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வாத்துக்கு முதலிடம் வாங்கி, புத்தகத்தைக் கையில் கொடுத்து, 'நீ சொன்னதுதான்டா சரி' என்று சொல்லிவிட வேண்டும். நேரே போய் மன்னிப்புக் கேட்டாலே போதும்தான். அதற்கு வாய் வர வேண்டுமே.

"வினி, வாத்துக்கு ஓட்டுப் போடு. நீ வெறுக்கிற 'ஈரக் கையுறை'யைக் கடைசிக்குத் தள்ளிடறேன்."

"நிஜமாவா? சரி, வாத்தே ஜெயிக்கட்டும்."

அவள் கோட்டை மாட்டி வைக்க எழுந்து போன நேரத்தில் மாட்டு வைத்தியர் கிளைவ் பீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்தார். அவருக்கோ 'ஈரக் கையுறை' என்றால் உயிர்.

"கிளைவ், வாத்துக்கு ஓட்டுப் போடுங்க. கையுறைக்கு ரெண்டாவது இடம், நான் பொறுப்பு."

சொன்ன பிறகுதான் தன் வாய் செய்த காரியம் நெவிலுக்கு உறைத்தது. அதற்குள் வினிஃப்ரெட் திரும்பி வந்து, ஓட்டெடுப்பும் முடிந்துவிட்டது. இருந்த மூன்று ஓட்டும் விழுந்து, வாத்து ஏகமனதாக முதலிடம்.

"ரெண்டாவது, கையுறை" என்றார் கிளைவ்.

"அது கடைசி. நெவில் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கான்."

"எனக்குந்தான் கொடுத்தாரு!"

இருவரும் ஒருசேரத் திரும்பினார்கள். நெவில் மேசை விரிப்பின் பூக்களை ஆராய்ந்தார்.

"இதுக்கு நான் மாட்டுச் சந்தைக்கே போயிருப்பேன். அங்க பேசினா பேசினதுதான்" என்று கிளைவ் கிளம்பினார்.

"இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன். நீயே தலைவர், நீயே உறுப்பினர். நல்லா இரு" என்று வினிஃப்ரெட்டும் கிளம்பினாள்.

நெவில் குனிந்து மேசைக்கடியிலிருந்து வாத்தை உருவினார். மேசை சாய்ந்தது. தேநீர், பீர், பால் எல்லாம் புத்தகத்தின் மேலேயே கொட்டின. சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டெரன்ஸின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மகள் ஹேசல் காலி அறையில் கடைசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா காலையிலயே ரயிலேறிட்டாரே, நெவில் அங்கிள்."

நெவில் மூச்சு வாங்க நின்றார். காலையில் அவர் தன் வீட்டில்தான் இருந்தார், வாத்துக்கு ஆதரவாகச் சொற்பொழிவு தயாரித்தபடி. அந்த நேரத்தில் ரயில் நிலையத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

"இதை அவன்கிட்ட கொடுத்துடும்மா. முதலிடம் வந்திருக்கு. அவன் ரசனையை நான் ரொம்பக் கேலி பண்ணிட்டேன். காரணம் எழுதுன்னதும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். தப்பு என்னோடதுதான்."

"கோவமா? அப்பாவுக்கா?"

ஹேசல் ஈரப் புத்தகத்தை வாங்கித் தன் சட்டையிலேயே துடைத்தாள். சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அங்கிள், அந்த இன்ஸ்பெக்டர் கதைகள்ல அப்பா படிச்சதே இது ஒண்ணுதான், அங்க வந்ததெல்லாம் உங்க பக்கத்துல உக்காரத்தான்."