இரண்டாவது கார்புரேட்டர்

அன்று காலை கங்காதரன் உண்மை பேசுவது என்று முடிவு செய்தார். மூன்று வருடமாகப் பேசாத உண்மை. அதனால் நாஸ்தா முடிந்ததும் ஒருமுறை கனைத்து, தொண்டை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

விஷயம் அவருடைய கார். புதுப்பட்டினத்தில் கருவாடு காயும் தெருவில், கீற்றுக் கொட்டகையின் கீழ் ஒரு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போய், பல கை மாறி, கல்பாக்கத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்த கங்காதரனிடம் வந்து சேர்ந்தது. கடல் காற்று கதவுகளை அரித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் மட்டும் அசல் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார். "சீமை எஞ்சின். காது குடுத்துக் கேளு, இங்கிலீஷ்லதான் உறுமும்."

அது அசல் இல்லை என்பது வாங்கிய மாதமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் அம்பாசிடர் எஞ்சினின் நம்பர் தகடு. சீமை எஞ்சினில் கார்புரேட்டர் இரண்டு இருக்க வேண்டும், இதில் ஒன்றுதான். எந்தக் காலத்திலோ யாரோ மாற்றிவிட்டார்கள். கங்காதரன் தகட்டின் மேல் திரும்பப் பெயிண்ட் அடித்தார். மெட்ராஸுக்குப் போய், செத்துப்போன கார்புரேட்டர் ஒன்றை வாங்கிவந்து பக்கத்தில் முடுக்கினார். அது எதனோடும் சேரவில்லை. மாப்பிள்ளைத் தோழன் மாதிரி சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது.

வம்பு, மச்சினன் தணிகைவேல் பக்கமிருந்து வந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த அவனுடைய அம்பாசிடர் டாக்சியில் எஞ்சின் விரிசல் விட்டுவிட்டது. வண்டி ஸ்டாண்டிலேயே படுத்தது. சவாரி இல்லை. வீட்டில் கைக்குழந்தை.

"உங்க வண்டி சும்மாதானே நிக்கிது. அந்த எஞ்சினைத் தம்பிக்குக் குடுங்க," என்றாள் மனைவி சம்பூர்ணம்.

"சீமை எஞ்சின் எப்டிடி அம்பாசிடருக்குச் சேரும்? தும்பிக்கையைக் கொண்டாந்து எருமைக்கு ஒட்டச் சொல்றியா?"

"சேராதா?"

"ஜென்மத்துக்கும் சேராது."

சம்பூர்ணம் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ வண்டியை வித்துட்டு அவனுக்கு வேற எஞ்சின் வாங்குவோம். அசல் சரக்குன்னா தூக்கிக்கினு போவ ஆளு கீது."

அந்த ஆள்தான் இன்று வருகிறார். உண்மையைச் சொன்னால் ஒழிய கார் தங்காது.

தாமோதரன் பத்து மணிவாக்கில் வந்தார். மெட்ராஸில் பழைய கார்களைச் சேர்த்து வைப்பவர். தணிகைவேலின் பழைய சவாரி. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எஞ்சின் மட்டும் ஒரிஜினலா இருந்தா இப்பவே எடுத்துக்கறேன் சார்."

சம்பூர்ணம் மோர் டம்ளரோடு கதவோரம் நின்றாள்.

"இல்லீங்க," என்றார் கங்காதரன். பானெட்டைத் திறந்தார். இரண்டாவது கார்புரேட்டரைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "இது சும்மா அலங்காரம்." பெயிண்டைச் சுரண்டினார். "நம்பரைப் பாருங்க. அம்பாசிடர் எஞ்சின். அப்டியே தூக்கி எந்த டாக்சியிலயும் மாட்டலாம்."

கடைசி வார்த்தை தேவையில்லாதது. ஆனால் மூன்று வருடப் பொய் இறங்கும்போது நெஞ்சு அத்தனை லேசாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நிறுத்த முடியவில்லை.

"உள்ளதைச் சொன்னீங்களே, சந்தோஷம்," என்று தாமோதரன் மோரைக் குடித்துவிட்டு, தெருமுனையில் விட்டிருந்த தன் காரை நோக்கி நடந்தார்.

"தணிகை, வாடா," என்றாள் சம்பூர்ணம்.

கொல்லைப்புறத்திலிருந்து தணிகைவேல் வந்தான். தோளில் எஞ்சின் தூக்கும் சங்கிலி.

"மாமா சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. எந்த டாக்சியிலயும் மாட்டலாமாம்."

கங்காதரன் பானெட்டை மூடினார். "அது... ஆளைக் கிளப்பறதுக்குச் சொன்னது. நெஜமா சீமை எஞ்சின்தான்."

"அப்டியா? அவரு இன்னும் முனையைத் தாண்டல. கூப்புடட்டுமா?" என்றாள் சம்பூர்ணம்.

கங்காதரன் தெருவைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை மச்சினன் கையில் கொடுத்தார். "பின்னாடி போல்ட்டு துரு புடிச்சிருக்கும். பாத்துக் கழட்டு."

அடுத்த வாரம் டாக்சி ஓடத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் கங்காதரன் எஞ்சின் இல்லாத காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது தணிகைவேல் சவாரியோடு அந்தப் பக்கம் போனான். சத்தம் சீராக இருந்தது. தன்னிடம் இருந்தபோது அது இப்படி ஓடியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. எஞ்சினுக்கும் சொந்தப் பெயரில் இருந்தால்தான் நிம்மதியோ என்னவோ.

சம்பூர்ணம் வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"நீங்க வண்டியை ஓட்டிக்கினு வந்த அன்னிக்கே. டாக்சிக்காரன் வூட்டுல பொறந்தவளுக்கு அம்பாசிடர் சத்தம் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"நாலு பேரை நிறுத்தி வச்சு சீமை எஞ்சின்னு சொல்லும்போது உங்க மூஞ்சி நல்லா இருந்துச்சு. ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

கங்காதரன் அவள் பக்கம் திரும்பினார். அவள் அந்த சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் உறைத்தது. மனசு இளகியது.

"எத்தினி தபா கூப்ட்டிருப்பேன், ஏறவே மாட்டேன்னியே. இன்னிக்கு மட்டும் இன்னா?"

"இன்னிக்குத்தான் உங்களால ஓட்ட முடியாதே," என்றாள் சம்பூர்ணம்.